ரோன் கழித்த எடை

பகாவ் செம்பனை ஆலையில்
எடை மேடைக் கிராணி நான், இரவு வேலை.
பழத்தோடு லாரி ஏறும்: இருபத்தோரு டன் நானூறு.
கொட்டிவிட்டு வெறுமனே வரும்: ஒன்பது டன் நூறு.
கழித்தால் பழம்.
மூன்று எண்ணையும் சீட்டில் அடித்து
ஜன்னல் வழியே நீட்டுவேன்.

இரண்டு லாரிக்கு நடுவே
சீட்டின் பின்பக்கத்தில் ஸ்பானிய மொழி.

குவாத்தமாலாவிலும் ஒரு செம்பனை ஆலை.
அங்கே எடை மேடையில் ஒருத்தி, யொலாந்தா.
ஒரே கணினி நிரல், ஒரே பழுது.
பழுதைப் பற்றிப் பேசத் தொடங்கி
பழுதில்லாத நாளிலும் பேசுகிறோம்.
எனக்கு விடியும்போது
அவளுக்கு முந்தின நாள் சாயும்.

இந்த வாரப் பாடம்:
நடக்காததை நடந்தால் என்பது.
விதி எளிது.
'அவர்கள்' செய்து முடித்ததை எடு.
அப்லாரோன், பேசினார்கள்.
வாலில் உள்ள ரோனை வெட்டு,
மிச்சத்தில் ரா ஒட்டு.
அப்லாரா.
கொமியெரோன், கொமியெரா.
பிபியெரோன், பிபியெரா.
ரோன், வெறும் லாரி.
கழித்தபின் நிற்பது பழமா ஆசையா,
சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாவது லாரி போன பிறகுதான் உறைத்தது.
வாழ்ந்தார்கள்.
ஆர்களை வெட்டு, ஆல் ஒட்டு.
வாழ்ந்தால்.
அடப்பாவி,
நாற்பத்து மூன்று வருடமாய்
கையில் கத்தியோடுதான் பேசியிருக்கிறேன்.

யாரோ செய்து முடித்ததை அறுத்துத்தான்
நமக்கு நடக்காததைத் தைக்க வேண்டுமாம்.
பயிற்சி ஏழு: வெந்தியெரோன், விற்றார்கள்.
அந்த 'அவர்கள்' யார் என்று பயிற்சி கேட்கவில்லை.
மூன்றாம் டிவிஷன் போனபோது
நாங்களும் கேட்கவில்லை.
பயிற்சி எட்டு: ஃபிர்மாரோன், கையெழுத்திட்டார்கள்.
என் அப்பா பெருவிரல்தான் வைத்தார்.
வினைச்சொல் அதையும் கையெழுத்து என்றே
கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஒழுங்கு வினைகள் மட்டுமே இந்த வாரம்.
போனால் கிடையாது, இருந்தால் கிடையாது.
முடிந்தால், வேண்டுமென்றால்,
எல்லாம் ஒழுங்கற்ற சாதி, அடுத்த மாதம்.
அதுவரை நான்
பேசினால், தின்றால், வாழ்ந்தால், விற்றால்.
யோசித்தால், வீட்டுக்கடன் முடியும்வரை
இவ்வளவு போதும்.

இன்னொன்று.
'நான்' என்றாலும் 'அவன்' என்றாலும்
அப்லாரா ஒன்றுதான்.
ஒன்பது வருடமாய்ப் பேசாத
என்னையும் கதிரேசனையும்
ஒரே நாற்காலியில் உட்காரவைக்கிறது.
சி அப்லாரா:
நான் பேசினால், அவன் பேசினால்.
முதலில் யார் என்று
சொல்லில் தெரியாது.
எங்களுக்கும் தெரியாமல்தானே
ஒன்பது வருடம்.

'நாம்' வரும்போது மட்டும்
நடு அசையின் தலையில் ஒரு கோடு.
நான் மறந்தேன்.
யொலாந்தா சிவப்பில் கிழித்துப் படம் அனுப்பினாள்:
குரல் அங்கே ஏறவேண்டும், மேட்டில் லாரி ஏறுவதுபோல.
நாமா நாங்களா என்று
அவள் மொழி பிரித்துக் கேட்பதில்லை.
நான் கேட்டுப் பார்த்தேன், மனதுக்குள்.
அவளும் சேர்ந்த நாம்தான்.

மழை. நாலே முக்கால்.
ஒஹாலா அப்லாராமோஸ், நேரில்,
என்று கோட்டோடு சரியாக எழுதி முடிக்கவும்
ஹாரன்.
அவசரத்தில் அதே சீட்டில் எடை அடித்து
நீட்டிவிட்டேன்.

ரொசைமி திருப்பிப் பார்த்தான்.
மலாய் வாயில் ஒவ்வோர் எழுத்தாய் உருட்டினான்:
"ஓ... ஜா... லா... இது எந்த கம்பெனி லாரி?"

கம்பெனி இல்லை, ஒரு சொல்.
அரபியிலிருந்து கப்பலேறிப் போனது.
நீ 'நாளைக்கு வருவியா' என்றால்
இன்ஷா அல்லாஹ் என்பாயே,
அதற்குச் சொந்தம்.

"அப்போ வரமாட்டாங்க" என்றான்.
சிரிக்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
கியர் மாற்றினான்.

பன்னிரண்டு டன் முந்நூறு
அவனோடு போகிறது,
பின்பக்கம் எடை போடாமல்.